சாயம் ஏற்றாமல், வெட்டாமல் தோல் புற்றைப் பார்ப்பது எப்படி: லேசர் நுண்ணோக்கி செய்முறை

கன்ஃபோகல் நுண்ணோக்கியில் (தோலுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தை மட்டும் லேசரால் படமெடுக்கும் கருவி) படம் சரியாக வரவில்லை என்றால் உடனே லேசரையும் மென்பொருளையும் சந்தேகப்படுவது வழக்கம். குற்றம் பெரும்பாலும் அங்கே இருக்காது. தோலில் ஒட்டும் வளையத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியிலோ, துடைக்காமல் விட்ட விபூதியிலோ, மூச்சுக்கு ஏறி இறங்கும் முதுகிலோ இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் இயற்பியலுக்குக் கொஞ்சம் இடம்தான். எண்ணெய்க்கும் ஒட்டுவளையத்துக்கும்தான் அதிக இடம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தோல் பிரிவில் இந்தக் கருவியை வைத்து ஓட்டப்போகும் டெக்னீஷியனுக்கும், தோல் மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவருக்கும் எழுதியது இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இது பயாப்ஸிக்கு (தோல் துணுக்கை வெட்டிச் சோதிப்பது) மாற்று இல்லை. பயாப்ஸி தேவையா, தேவை என்றால் சரியாக எந்த இடத்தில் என்று காட்டுவதுதான் இதன் வேலை.

எப்படித் தெரிகிறது

830 நானோமீட்டர் லேசர் தோலுக்குள் போகிறது. உள்ளே ஒளிவிலகல் எண் மாறும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் ஒளி திரும்பி வருகிறது. நாம் குறிவைத்த ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு நுண்துளை உள்ளே விடுகிறது. மற்ற ஆழங்களிலிருந்து வருவது தடுக்கப்படுகிறது. மார்வின் மின்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த உத்தி இதுதான். மனிதத் தோலில், உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்து காட்டிய ராஜாத்யக்ஷா குழுவின் கட்டுரை 1995இல் வந்தது. சாயம் தேவைப்படாததற்குக் காரணம் தோலின் கறுப்பு நிறமியான மெலனின். செல்லின் உள்நீருக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.35, தோலின் செத்த மேலடுக்கில் இருக்கும் கெரட்டினுக்கு 1.5, மெலனினுக்கு 1.7. அதனால் மெலனின் வெள்ளை வெளேரென்று தெரியும். கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது திரையில் வெளுப்பாக வருவது முதல் வாரம் எல்லாரையும் குழப்பும்.

நிலையான தலை கொண்ட கருவியில் ஒரு படம் 500 × 500 மைக்ரான். பக்கவாட்டில் 1 மைக்ரான் அளவு நுணுக்கம், ஆழவாட்டில் 3 முதல் 5 மைக்ரான். எட்டும் ஆழம் 200 முதல் 250 மைக்ரான். அதாவது மேல்தோல் முழுவதும், உள்தோலின் மேல்பகுதியும். அதற்குக் கீழே மங்கல்தான். நம் ஊர்த் தோலில் மெலனின் அதிகம் என்பதால் அடித்தள அடுக்கு அருமையாகத் தெரியும். ஆனால் அதே மெலனின் ஒளியைச் சிதறடித்து, அதற்குக் கீழே போகிற வெளிச்சத்தைக் குறைத்துவிடும். புத்தகத்தில் போட்டிருக்கும் வெளுத்த தோல் படங்களைப் பார்த்துவிட்டு, நம்முடையது ஏன் ஆழம் காட்டவில்லை என்று கருவியைக் கழற்ற வேண்டாம்.

அறை

தரைத்தளம்தான் நல்லது. மாடி அறை, லிஃப்ட் பக்கச் சுவர், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பார்த்த அறை என்றால் கிரானைட் லாரி போகும்போதெல்லாம் படத்தில் நடுக்கம் விழும். ஆன்லைன் யுபிஎஸ் கட்டாயம். சாதாரண இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் மொசைக் (சிறு படங்களை ஒட்டி உருவாக்கும் பெரிய படம்) பாதியில் நின்றுபோகும், முதலிலிருந்து எடுக்க வேண்டும். லேசரைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விட்டு, கருவியோடு வந்த சோதனைத் தகட்டில் ஒரு படம் எடுத்து, நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

லென்ஸைத் துடைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்தப் பகுதி போர் தண்ணீர் காய்ந்தால் குடத்தில் படியும் அதே வெள்ளை உப்பு லென்ஸிலும் படியும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரும் எப்படி வடித்தது என்று தெரியாதது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக்கான சுத்த நீர் ஆம்பூல் ஒன்று உடைத்தால் ஒரு நாளுக்குப் போதும்.

யாருக்கு எடுக்கலாம், யாருக்கு வேண்டாம்

தட்டையான, செதில் இல்லாத, 8 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சந்தேகப் புள்ளி இதற்கு மிகப் பொருத்தம். முகத்தில் கறுத்து, பளபளப்பான ஓரத்தோடு மெல்ல வளரும் பேசல் செல் புற்று (மேல்தோலின் அடித்தளச் செல் வகைப் புற்று) இதில் நன்றாகப் பிடிபடும். நம்மவர்களுக்கு இது பெரும்பாலும் நிறமேறித்தான் வரும். மச்சம் என்று பல வருடம் விட்டிருப்பார்கள்.

உள்ளங்கால் மெலனோமாதான் (நிறமிச் செல்களில் கிளம்பும் புற்று) சங்கடமானது. கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வருவதென்றால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். அங்கே கெரட்டின் அடுக்கே நூற்றுக்கணக்கான மைக்ரான் தடிமன். கருவியின் மொத்த எட்டமும் செத்த தோலிலேயே தீர்ந்துவிடும். செருப்பில்லாமல் காட்டில் நடந்த காலில் கேட்கவே வேண்டாம். ஆக, மிகவும் தேவைப்படும் இடத்தில் கருவி குருடு. உள்ளங்காலில் புதிதாகக் கறுப்பு பரவுகிறது என்றால் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குள்ள லென்ஸ்) பார்த்துவிட்டு நேராக பயாப்ஸி. கன்ஃபோகலுக்கு அனுப்பி ஒரு வாரம் வீணடிக்கக் கூடாது.

பல வருடம் ஆறாத தீக்காயத் தழும்பிலும் நாட்பட்ட கால் புண்ணிலும் கிளம்பும் செதிற்செல் புற்றுக்கும் (மேல்தோலின் தட்டைச் செல்களில் வருவது) இதே விதி. சீழ், பொருக்கு, தடித்த ஓரம் எதையும் லேசர் தாண்டாது. புடவையும் பாவாடை நாடாவும் வருடக்கணக்கில் உரசிக் கறுத்துத் தடித்த இடுப்பு வரியில் அரிதாக வரும் புற்றில், தடிக்காத ஓரத்தை மட்டும் பார்க்கலாம். நடுப்புண்ணில் துணுக்குதான் எடுக்க வேண்டும்.

உண்மையில் இந்தக் கருவி யாருக்கு அதிகம் உதவும் என்றால் ஜீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள குழந்தைகளுக்கு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வரும், வெயில் செய்யும் பழுதைத் தோல் சரிசெய்ய முடியாத நோய் இது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் பழக்கம் உள்ள நம் பக்கம் இதை மறக்கக் கூடாது. முகமெல்லாம் கறும்புள்ளி, அதில் எது புற்று என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்க முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கன்ஃபோகலில் பார்த்து, சந்தேகமானதை மட்டும் வெட்டலாம். அந்தக் குழந்தை வருகிற அன்று அறையின் ஜன்னல் திரையை மூடிவிடுங்கள். காலை வெயில் ஏறும் முன்போ மாலையிலோ நேரம் கொடுங்கள்.

தோலைத் தயார் செய்வது

முதலில் கேளுங்கள்: "இதுமேல என்னங்க போட்டீங்க?" எருக்கம்பால், சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்தது, சூடு, இவற்றில் ஒன்று நடந்திருக்க வாய்ப்பு உண்டு. ரசாயனம் பட்டுப் பொசுங்கிய மருவில் செல் ஒழுங்கு எல்லாம் கலைந்திருக்கும், அழற்சிச் செல்கள் ஏறியிருக்கும். பார்த்தால் மெலனோமா மாதிரியே தெரியும். டெர்மோஸ்கோப்பில் சந்தேகம் இல்லை என்றால் ஆற விட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், பயாப்ஸி.

விபூதி, டால்கம் பவுடர், துத்தநாகமும் டைட்டானியமும் கலந்த சன்ஸ்கிரீன் மூன்றும் திரையில் உப்பு தூவியது போல் மின்னும். சோப்பு நுரையால் கழுவி, ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, கடைசியில் ஆல்கஹால் பஞ்சு. ஆல்கஹால் முழுக்கக் காய விடுங்கள், இல்லையென்றால் வளையம் ஒட்டாது. மயிர் இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டினால் போதும். சவரம் செய்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் மேலடுக்கு உரிந்து படம் குழம்பும்.

பிறகு டெர்மோஸ்கோப் படம். இதைத் தவிர்க்கவே கூடாது. கன்ஃபோகல் தலை வைத்தபின் 500 மைக்ரான் சன்னல் வழியாகத்தான் உலகம் தெரியும். ஊர் வரைபடம் இல்லாமல் சந்துக்குள் போனது போல் ஆகிவிடும்.

நோயாளியிடம் பேசுவதும் தயாரிப்பில் சேர்த்திதான். "லேசர்னா சுட்டுடுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. "சுடாதுங்கம்மா, டார்ச் அடிச்சுப் பாக்கற மாதிரிதான். கால் மணி நேரம் அசையாம மட்டும் படுத்துக்கங்க" என்றால் போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களில் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக இருப்பவர்கள் நிறைய. ஒப்புதல் படிவத்தை அந்த மொழியில் படித்துச் சொல்ல ஆள் இருக்கட்டும்.

வளையம், எண்ணெய், ஜெல்

ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சன்னலுள்ள வளையம் தோலில் ஒட்டும். தோலுக்கும் சன்னலுக்கும் இடையில் எண்ணெய். சன்னலுக்கும் லென்ஸுக்கும் இடையில் அல்ட்ராசவுண்ட் ஜெல். இரண்டையும் மாற்றிப் போட்டால் படம் ஏன் கெடும் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. கெரட்டின் அடுக்கின் ஒளிவிலகல் எண் 1.5ஐ ஒட்டியது, மினரல் ஆயில் (லிக்விட் பாராஃபின்) 1.47. இரண்டும் நெருங்கியிருப்பதால் தோல் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கும். லென்ஸோ நீரில் மூழ்கி வேலை செய்ய வடித்தது. ஜெல் பெரும்பகுதி நீர், 1.33 பக்கம். லென்ஸ் முன் எண்ணெய் வைத்தால் ஒளிக்குவியம் சிதறி எல்லாம் புகைமூட்டமாகும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். எண்ணைப் பார்த்தால் 1.45, மோசமில்லை. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஓசூர் மார்கழியிலும், ஏசி அறையிலும் கலங்கிவிடும். மருந்துக் கடையின் லிக்விட் பாராஃபின் வாங்குங்கள், முடிந்தது.

சன்னலின் நடுவில் ஒரு சொட்டு, பெரிய புள்ளி என்றால் இரண்டு. அதற்கு மேல் விட்டால் ஒட்டுப் பசைக்குள் கசிந்து வளையம் வழுக்கும். வளையத்தை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து, சொட்டு தோலைத் தொட்டு மெல்லப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே கிடத்துங்கள். தட்டென்று வைத்தால் குமிழி சிக்கும். தோலை இழுத்துப் பிடித்து ஒட்டவும் கூடாது. விட்டவுடன் தோல் சுருங்கி, புள்ளி நடுவிலிருந்து விலகும். ஒட்டிய பின் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு குமிழி கண்ணுக்குத் தெரிந்தாலும் கழற்றிப் புதிது ஒட்டுங்கள். வளையத்தின் விலையை நினைத்து "ஓரத்தில்தானே இருக்கிறது" என்று விட்டால், மொசைக் எடுக்கும்போது அந்த ஓரத்தில்தான் சந்தேகச் செல் இருக்கும்.

கொண்டைக்கடலை அளவு ஜெல்லை லென்ஸ் முனையில் வைத்து, தலையைச் செங்குத்தாக இறக்கி வளையத்தோடு பொருத்துங்கள். மூக்கு ஓரம், கண் முனை, காது மடல் போன்ற வளைவுகளில் வளையம் உட்காராது. அங்கே கைப்பிடித் தலை. கண்ணுக்கு அருகே எடுக்கும்போது கண்ணை மூடி, லேசரைத் தடுக்கும் மறைப்பு வையுங்கள். 830 நானோமீட்டர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத ஒளி. கூசாது என்பதால்தான் ஆபத்து.

படம் எடுக்கும் வரிசை

மேற்பரப்பில் மிக வெளுப்பாகத் தெரியும் கெரட்டின் அடுக்கைக் குவித்து ஆழத்தைப் பூஜ்யம் வையுங்கள். தோல் வளையத்துக்குள் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடுக்குப் படத்துக்கும் முன் பூஜ்யத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் "80 மைக்ரான்" என்று எழுதியது 60 ஆகவோ 100 ஆகவோ இருக்கும்.

பிறகு மூன்று மொசைக்: மேல்தோலின் நடுப்பகுதி, மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லை, உள்தோலின் மேல்பகுதி. ஆழத்தை எண்ணால் நிர்ணயிக்காதீர்கள், அமைப்பைப் பார்த்து நிர்ணயம் செய்யுங்கள். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். 8 × 8 மில்லிமீட்டர் மொசைக் என்றால் பக்கத்துக்கு 16 வீதம் 256 படங்கள். சில நிமிடம் ஆகும். அது ஓடும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் பதில் சொல்லத் தலையாட்டுவார். முதுகிலும் மார்பிலும் ஆழ்ந்த மூச்சு வேண்டாம், மெல்ல விடச் சொல்லுங்கள்.

மொசைக்கில் சந்தேகமான இடம் ஒவ்வொன்றிலும், கூடவே நடுவிலும் நான்கு ஓரங்களிலும், மேலிருந்து 5 மைக்ரான் படியாக 200 மைக்ரான் வரை அடுக்குப் படம். ஒன்றுக்கு 40 படம் வரும். லேசர் சக்தி தானாகக் கூடட்டும் என்று விட்டால், நம் தோலின் அடித்தள அடுக்கு வெளுத்துப் போய் ஒன்றும் தெரியாது. அந்த ஆழத்தில் மட்டும் கையால் குறையுங்கள், தாண்டியதும் கூட்டுங்கள்.

கடைசியாக, ரத்தக் குழாய் இருக்கும் இடத்தில் சில நொடிக் காணொளி. இதற்குத் தலையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். அழுத்தினால் குழாய் ஒட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும், குழாயே இல்லை என்று எழுதிவிடுவோம்.

படிப்பது

முதலில் அதே ஆளின் நல்ல தோலில் ஒரு அடுக்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு வெளுப்பாக, கைரேகை வாய்க்கால்களோடு. அதன் கீழ் தேன்கூடு: 25 முதல் 35 மைக்ரான் செல்கள், இன்னும் இறங்கினால் 15 முதல் 25. அடித்தளத்தில் 7 முதல் 12 மைக்ரான் செல்கள் மின்னும் கூழாங்கல் பரப்பியது போல் இருக்கும். எல்லையில் கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையங்கள் வரும். நம் தோலில் இந்த வளையங்கள் கோலப்புள்ளி போல் தெளிவாக இருக்க வேண்டும். முகத்தில் மட்டும் எல்லை தட்டையானது, வளையம் அவ்வளவாகத் தெரியாது. அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

பேசல் செல் புற்று தீவு தீவாக வரும். ஓரத்தில் செல்கள் வேலிக்கால் நட்டது போல் வரிசை கட்டி நிற்கும், தீவைச் சுற்றிக் கறுப்புப் பிளவு, மேல்தோலில் உட்கருக்கள் காற்றில் சாய்ந்த கேழ்வரகுத் தட்டு மாதிரி ஒரே திசையில் நீண்டிருக்கும். கூடவே படுக்கைவாட்டில் விரிந்த ரத்தக் குழாய், அதன் சுவரோடு உருளும் வெள்ளணுக்கள். நிறமேறிய புற்றில் தீவு வெளுப்பாகவும், நிறமற்றதில் கறுப்பு நிழலாகவும் இருக்கும். இரண்டாவதைத்தான் கோட்டை விடுவோம். வெளுப்பைத் தேடாமல் பிளவைத் தேடுங்கள்.

மெலனோமாவில் மேல்தோலின் மேல் அடுக்குகள் வரை பெரிய, வட்டமான, வெளுத்த செல்கள் ஏறியிருக்கும்; நடுவில் கறுப்பு உட்கரு தெரியும். எல்லையின் வளைய ஒழுங்கு குலைந்து, ஓரமில்லாத குழிகளாகிவிடும். கிளைவிட்ட வெள்ளைச் செல்கள் மட்டும் மேல்தோலில் இருந்தால் அவசரப்படாதீர்கள். தோலின் காவல் செல்களான லாங்கர்ஹான்ஸ் செல்களும் அப்படியேதான் தெரியும். சொறிந்த இடம், அழற்சி, நிறமேறிய பேசல் செல் புற்று எல்லாவற்றிலும் உண்டு. வட்டச் செல்லும் எல்லைக் குலைவும் சேர்ந்து வந்தால்தான் எடை.

வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் வரும் சாதாரணக் கறுப்பு மருவில், கெரட்டின் நிரம்பிய பள்ளங்களும் வெளுத்த உருண்டைகளும் தெரியும், தேன்கூடு கெடாமல் இருக்கும். எடுக்கும் படங்களில் இதுவே அதிகம் வரும். ஒரு வெட்டைத் தவிர்த்த கணக்கில் சேரும்.

மெலனோமாவின் ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. செதிற்செல் புற்று உள்தோலுக்குள் இறங்கிவிட்டதா என்றும் சொல்ல முடியாது. அறிக்கையில் அந்த வரிகளை எழுதாமல் இருப்பதும் ஒழுங்குதான்.

படம் கெட்டால்

வெள்ளை ஓரத்தோடு கறுப்பு வட்டம் என்றால் காற்று. ஒரு பக்கம் வெளுத்து மறு பக்கம் ஆழத்துக்குப் போனால் தலை சாய்ந்திருக்கிறது. மொசைக்கின் இடது பாதியில் கெரட்டினும் வலது பாதியில் அடித்தளமும் வந்தால் அதே கோளாறு. கட்டங்கள் படிக்கட்டு போல் ஒட்டாமல் நின்றால் நோயாளி அசைந்தார். அசையவில்லை என்று சாதித்தால் வளையம் வியர்வையில் நகர்ந்தது; சித்திரையில் ஏசி இல்லாமல் எடுக்க முயல வேண்டாம். நன்றாக இருந்த படம் கால் மணியில் மெல்ல இருண்டால் ஜெல் காய்ந்துவிட்டது. நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு பொட்டு நின்றால் லென்ஸ் அழுக்கு.

பயாப்ஸிக்குக் குறிப்பது

நேரம் மிச்சமாக இருந்தால் அதை இதில் செலவழியுங்கள். டெர்மோஸ்கோப் படத்தின் மேல் கடிகாரம் போல் குறிக்கவும்: தலைப்பக்கம் 12 மணி. "4 மணித் திசையில், மையத்திலிருந்து 2 மில்லிமீட்டர்" என்று எழுதி, வளையத்தைக் கழற்றும் முன்பே அதன் வெளி ஓரத்தில் 12 மணிக்கு மார்க்கரால் தோலில் கோடு இழுங்கள். கழற்றி எண்ணெய் துடைத்த பிறகு திசை மறந்துபோகும். 3 மில்லிமீட்டர் பஞ்ச் சரியான இடத்தில் விழுந்தால்தான் இத்தனை பாடுபட்டதற்குப் பலன். நோயியல் மருத்துவருக்கு அனுப்பும் தாளில் கன்ஃபோகலில் எந்த ஆழத்தில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி சேர்த்தால், அவர் துணுக்கை இன்னும் கீழே சீவிப் பார்ப்பார்.

இரு ஃபோட்டான் கருவி

இரண்டு ஒளித்துகள் ஒரே கணத்தில் சேர்ந்து ஒரு மூலக்கூறைத் தூண்டும் உத்தி இது; ஆராய்ச்சிக் கூடத்துக்கு உரியது. டைட்டானியம் சஃபயர் லேசர், சுமார் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு, நொடிக்கு 8 கோடி. சாயம் இல்லாமலே செல்லுக்குள் இருக்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு 740 முதல் 760 நானோமீட்டரில் தூண்டப்பட்டு 460 பக்கம் ஒளிரும், எலாஸ்டினும் ஒளிரும். தோலைத் தாங்கும் நாரான கொலாஜனோ பெரும்பாலும் ஒளிர்வால் தெரிவதில்லை, அலைநீளத்தைச் சரிபாதி ஆக்கித் திருப்பும்: 800 போனால் 400 வரும். புற்றுத் தீவைச் சுற்றி கொலாஜன் எப்படி வளைந்து ஒதுங்குகிறது என்று பார்க்க இதுபோல் வேறில்லை.

திரையில் வருவது உண்மையில் கொலாஜன்தானா என்று சரிபார்க்க ஒரு வழி: லேசரை 800இலிருந்து 820க்கு நகர்த்துங்கள், குறிகையும் 410க்கு நகர வேண்டும். நகராமல் அங்கேயே நின்றால் அது ஒளிர்வு. இன்னொன்று: சக்தியைப் பாதியாக்கினால் குறிகை கால்பங்காக வேண்டும். பாதியாகவே இறங்கினால் லேசர் ஒளியே கசிகிறது; குறையவே இல்லை என்றால் வெளி வெளிச்சம் கசிகிறது, அறை விளக்கை அணையுங்கள். முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்களிடம் இந்தக் கருவியில் மட்டும் தனியாகக் கேளுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் தானே பச்சையாக ஒளிரக்கூடியது. சோப்புப் போட்டும் கெரட்டின் அடுக்கில் மிஞ்சும். ஒரு வாரம் மஞ்சள் இல்லாமல் வரச் சொல்வது நல்லது.

சக்தியை மேற்பரப்பில் சில மில்லிவாட்டில் தொடங்கி, ஆழம் போகப்போக மட்டும் கூட்டுங்கள். சக்தி கூடினால் மெலனின் செறிந்த செல் திடீரென்று சூடேறும். ஒரு புள்ளி பளிச்சென்று வெடித்தது போல் வெளுத்து, அடுத்த படத்தில் அங்கே கருவட்டம் நின்றால், அது குமிழி. அந்த இடத்தில் உடனே ஷட்டரை மூடி, சக்தியைப் பாதியாக்கி, வேறு இடத்துக்கு நகருங்கள். அறையில் இருக்கும் எல்லாருக்கும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி. நோயாளிக்கும்தான், உடன் வந்த அம்மாவுக்கும்தான்.